அலெக்ஸேயெவா லாஷாவா: ஜிம்முல நடந்த தர்க்கத்துக்கு என் பதில்

நாகர்கோவில் வடசேரி பக்கம் நான் போற ஜிம்முல போன வாரம் ரெண்டு பயலுவளுக்குள்ள தர்க்கம். ஒருத்தன் சொல்லுதான், வெயிட்லிஃப்டிங்ல ஜார்ஜியாக்காரன் லாஷா தலகாட்ஸே மொத்தமா 492 கிலோ தூக்கியாச்சு, பொறவு என்ன பேச்சு, பழைய ஆளு எவனும் அவன் பக்கத்துல நிக்க மாட்டான்னு. மத்தவன் அப்பன்கிட்ட கதை கேட்டு வளந்த பய, அவன் சோவியத்தோட வாசிலி அலெக்ஸேயெவ் பேர விடமாட்டேங்கான், 80 உலக சாதனை வச்ச மனுசன், அந்தக் காலத்துல எல்லாம் வெறும் சாப்பாட்டு உடம்பாக்கும், இப்ப உள்ளது மருந்துக்கடை உடம்புன்னு. கடைசில ரெண்டு பேரும் எம் பக்கம் திரும்பி, அண்ணாச்சி நீங்க சொல்லுங்க, பழைய லிஃப்டர் பெருசா புது லிஃப்டர் பெருசான்னு கேட்டானுவ. டீக்கடையில நின்னுட்டு அப்ப நான் சொன்னது அரைகுறை, அதனால இப்ப உக்காந்து முழுசா எழுதுதேன்.

மொதல்ல ரெண்டு பேருக்கும் பிடிக்காத பதில சொல்லிருதேன். வெறும் கிலோவ வச்சு பாத்தா பெரிய உடம்புல இப்ப உள்ளவன் ஜெயிக்கான், சின்ன உடம்புல பழைய ஆளு ஜெயிக்கான், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்ல.

1988 சியோல் ஒலிம்பிக்ஸ், 60 கிலோ கேட்டகரி. துருக்கிக்காக இறங்கின நயிம் சுலைமானொக்லு ஸ்நாட்ச் (தரையில இருந்து ஒரே இழுப்புல தலைக்கு மேல) 152.5, கிளீன் அண்ட் ஜெர்க் (மொதல்ல தோளுக்கு, பொறவு தலைக்கு மேல) 190, ரெண்டும் சேத்து டோட்டல் 342.5. இப்ப 2024 பாரிஸுக்கு வா. 61 கிலோ கேட்டகரில தங்கம் எடுத்தது சீனாவோட லி ஃபாபின், டோட்டல் 310. ஒரு கிலோ கூடுதல் உடம்பு, 36 வருசம் கழிச்சு, 32.5 கிலோ கொறவு. அடுத்தது பாரு, சியோல்ல 75 கிலோல பல்கேரியாவோட போரிஸ்லாவ் கிடிகோவ் 375, பாரிஸ்ல 73 கிலோல இந்தோனேசியாவோட ரிஸ்கி ஜூனியான்ஷா 354. ரெண்டு கிலோ உடம்பு வித்தியாசத்த கழிச்சாலும் பழைய ஆளு மேல தான் நிக்கான். இன்னும் கொஞ்சம் மேல ஏறினா 82.5 கிலோல யூரிக் வர்தன்யான் 1980 மாஸ்கோவுல 400 போட்டாரு. பாரிஸ்ல 89 கிலோல 20 வயசு கார்லோஸ் நாசர் 404 போட்டதுக்கு உலகமே எழும்பி நின்னு கைதட்டிச்சு, அப்ப அது உலக சாதனை. அந்தப் பையன் தூக்கினத நானும் வாய பொளந்துட்டு தான் பாத்தேன், ஆனா 44 வருசத்துக்கு முன்னால ஆறரை கிலோ கொறஞ்ச கேட்டகரில ஒருத்தன் வெறும் நாலு கிலோ தான் பொறத்த நின்னான்னா அத என்னன்னு சொல்ல.

சூப்பர் ஹெவிக்கு, அதாவது எல்லாத்துலயும் பெரிய உடம்பு கேட்டகரிக்கு வந்தா கதை நேர் எதிர். அலெக்ஸேயெவ் 1976 மான்ட்ரியல்ல 185ம் 255ம், டோட்டல் 440. லாஷா 2021 டிசம்பர்ல தாஷ்கண்ட் உலக சாம்பியன்ஷிப்புல 225ம் 267ம், டோட்டல் 492. 52 கிலோ கூடுதல்.

இதுல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. அந்த 52 எங்கேருந்து வந்துதுன்னு பிரிச்சு பாரு. ஜெர்க்குல வெறும் 12 கிலோ தான் கூடியிருக்கு. மீதி 40 கிலோவும் ஸ்நாட்ச்ல. அப்ப 45 வருசத்துல மனுசனுக்கு பலம் கூடிச்சுன்னு சொல்லணுமா, தூக்குத விதம் மாறிச்சுன்னு சொல்லணுமா? பலம் மட்டும் கூடியிருந்தா ரெண்டுலயும் கூடியிருக்கணும் இல்லியா.

இதுக்கு பதில் தெரியணும்னா பிரஸ் கதை தெரியணும். 1972 மியூனிக் வரைக்கும் ஒலிம்பிக்ஸ்ல மூணு லிஃப்ட். பிரஸ், ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க். பிரஸ்னா தட்டு மாட்டின பார (இரும்புக் கம்பிய) தோள் வரைக்கும் கொண்டு வந்து, ஜட்ஜ் சிக்னல் குடுத்த பொறவு காலு மடங்காம கையால மட்டும் மேல தள்ளணும். பேப்பர்ல ரூல் அப்படி. நடப்புல என்ன ஆச்சுன்னா ஆளுவ பின்னால வளைஞ்சு, இடுப்ப முன்னால தள்ளி, கிட்டத்தட்ட படுத்துட்டு பெஞ்ச் பிரஸ் போடுத மாதிரி ஆயிட்டு. ஒரு ஜட்ஜ் செல்லும்னு வெள்ளை லைட்டு போடுவான், அடுத்தவன் செல்லாதுன்னு செவப்பு போடுவான், ஒண்ணுக்கும் ஒரு நெலவரம் கிடையாது. மியூனிக்ல அலெக்ஸேயெவ் போட்டத பாத்தா உனக்கே புரியும். பிரஸ் 235, ஸ்நாட்ச் 175, ஜெர்க் 230, மொத்தம் 640. காலும் இடுப்பும் சேத்து தூக்குத ஜெர்க்கவிட, கையால மட்டும் தள்ள வேண்டிய பிரஸ் அஞ்சு கிலோ கூடுதல்! அந்த வருசத்தோட பிரஸ்ஸ போட்டில இருந்தே எடுத்துட்டாவ.

அப்ப அலெக்ஸேயெவ் தலைமுறை முழுசும் ட்ரெய்னிங்ல பெரும்பங்க பிரஸ்ஸுக்கு குடுத்தவங்க. தோளும் மேல்முதுகும் பாறை மாதிரி கட்டி வச்சிருந்தாவ. அந்த கனத்த தோள வச்சு ஸ்நாட்ச்ல பார தலைக்கு பின்னால பூட்டி அடியில முழுசா உக்காரணும்னா மூட்டு அதுக்கு வளைஞ்சு குடுக்கணுமே, குடுக்காது. லாஷா 197 சென்டிமீட்டர் உயரம், 170 கிலோவுக்கு மேல உடம்பு, ஆனா 225 கிலோவ தலைக்கு மேல வச்சிட்டு பிருஷ்டம் குதிகாலுல தொடுத மாதிரி உக்காருதான், பொறவு ஒண்ணுமே நடக்காத மாதிரி எழும்புதான். சின்ன வயசுலயே பிரஸ்ஸ பத்தி கவலைப்படாம ரெண்டே லிஃப்டுக்கு வளந்த உடம்பு அது. ரெண்டு பேரையும் ஒரே மேடையில நிறுத்தினா யாரு ஜெயிப்பான்னு கேக்கது, ஓட்டு வீடு கட்டுன கொத்தனையும் கான்கிரீட் கொத்தனையும் நிறுத்தி யாரு கொத்தன்னு கேக்கது மாதிரி.

அதுக்கும் முன்னால போனா இன்னும் தமாசு. 1896 ஏதென்ஸ்ல மொத ஒலிம்பிக்ஸ். ஒரு கையால தூக்குதது ஒரு போட்டி, ரெண்டு கையால தூக்குதது ஒரு போட்டி, வெயிட் கேட்டகரி ஒண்ணும் கிடையாது. ரெண்டு கை போட்டில டென்மார்க்கோட விக்கோ ஜென்சனும் பிரிட்டனோட லான்ஸ்டன் எலியட்டும் ஒரே 111.5 கிலோ. ஜென்சன் தூக்கின விதம் நல்லா இருந்துன்னு அவனுக்கு மொத இடம். ஒரு கை போட்டில எலியட் 71 கிலோ தூக்கி ஜெயிச்சிட்டாரு. 111.5 கிலோ இப்ப நம்ம ஜிம்முல டெட்லிஃப்ட் போடுத பயலுவளுக்கு வார்ம் அப்பு, அதுக்காக எலியட் பலவீனமான ஆளுன்னு சொல்ல முடியுமா? அவரு தூக்கின இரும்ப நீ புடிச்சு பாத்தா தான் தெரியும்.

இரும்ப பத்தி சொல்லும்போ என் சொந்தக் கதை ஒண்ணு. 90கள் ஆரம்பத்துல தக்கலை பக்கம் எங்க ஊருல ஒரு ஓலைக் கொட்டகைக்குள்ள தான் நாங்க தூக்குவோம். பார் எங்கேருந்து? லேத் பட்டறையில குடுத்து ஒரு ஷாஃப்ட்ட கடைஞ்சு வாங்கினது. நேரா பாத்தா நேரு, உருட்டி விட்டா பாம்பு. தட்டு எல்லாம் வார்ப்பு இரும்பு, 20ன்னு எழுதியிருக்கும், ஒரு நாளு சந்தேகம் வந்து கொப்பரை கடை தராசுல வச்சா பதினெட்டரை காட்டுது, இன்னொண்ணு 21. அந்த எளவு பார் கையில சுத்தாது. ஸ்நாட்ச்ல பார் மேல வரும்போ தட்டோட சுழற்சி மொத்தமும் நம்ம மணிக்கட்டுல தான் வந்து விழும், நல்ல பார்னா முனையில பேரிங் இருக்கும், தட்டு தனியா சுத்தும், கை தனியா திரும்பும். எனக்கு மணிக்கட்டு பிசகி ஆசான்கிட்ட போயி முறிவெண்ணெ போட்டு மூங்கில் பத்தை வச்சு கட்டி ரெண்டு மாசம் வீட்டுல. பொறவு மொதமொதலா ஒரு போட்டில நல்ல பார் கெடச்சுது. சந்தோசமா இழுத்தேன், அது நான் நெனச்சதவிட லேசா மேல வந்து தலைக்கு பின்னால போயிட்டு, நானும் அது பொறத்தால போயி மல்லாந்து கெடந்தேன். மூணு ஸ்நாட்ச்சும் போச்சு. வீட்டுக்கு வந்தப்ப அம்மை மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் எடுத்து வச்சிட்டு எத்தனாவதுன்னு கேட்டா, கடைசிக்கு முந்தினதுன்னு பொய் சொன்னேன்.

அதனால ஒரே எடைன்னு எழுதியிருந்தாலும் ஒரே எடை இல்ல. ஸ்வீடன்காரன் எலெய்கோ கம்பெனி பார் 1963 ஸ்டாக்ஹோம் உலக சாம்பியன்ஷிப்புல தான் மொதல்ல வந்துது. நல்ல ஸ்டீல், வளைஞ்சிட்டு திரும்ப நேராகும், ஒடியாது. பெரிய எடை போட்டு ஜெர்க்குக்கு முட்டு மடக்கும்போ பார் ரெண்டு முனையும் கீழ வளையும், திரும்பி மேல அடிக்குத அந்த நொடிய புடிச்சு தள்ளத் தெரிஞ்சவனுக்கு கிலோ கூடும். ரப்பர் தட்டு வந்த பொறவு கீழ போட பயமில்ல. பழைய ஆளுவளுக்கு இது ஒண்ணும் இல்ல. ரூலும் அப்படித்தான், 1960கள் வரைக்கும் பார் தொடையில உரசினா அந்த லிஃப்ட் செல்லாது. இப்ப உள்ள டெக்னிக்கே தொடையில, இடுப்புல பார தொட்டு வெடிக்குததுல தான் இருக்கு. பழைய ஆளு பார உடம்புல தொடாம, ஒரு காலு முன்னால ஒரு காலு பின்னால ஸ்பிளிட் போட்டு அடியில போனான். அப்படி நின்னுட்டு தான் சோவியத்தோட யூரி விளாசோவ் 1960 ரோம்ல 202.5 ஜெர்க் பண்ணினாரு. இன்னும் கொஞ்சம் முன்னால, 1956 நவம்பர் ஒண்ணாந்தேதி நம்ம ஜில்லா திருவிதாங்கூர் கொச்சில இருந்து பிரிஞ்சு இங்கோட்டு சேந்துது இல்லியா, அதே மாசம் மெல்போர்ன்ல அமெரிக்காவோட பால் ஆண்டர்சன் காய்ச்சலோட மேடையேறி மூணு லிஃப்டும் சேத்து 500 தூக்கினாரு. அர்ஜென்டினாக்காரன் செல்வெட்டியும் அதே 500. உடம்பு எடை கொறவுங்கதுனால ஆண்டர்சனுக்கு தங்கம், அவரு அப்பவே 137 கிலோவுக்கு மேல, கொறவாம்!

500ல இருந்து அலெக்ஸேயெவோட 640 வரைக்கும் 16 வருசம். 140 கிலோ ஏத்தம். இது எப்படி? சோவியத் காரன் ட்ரெய்னிங்க ஒரு படிப்பா மாத்தினான், அது பாதி. மீதிய சொல்லாம விட்டா நான் பொய் சொன்னவன் ஆயிருவேன். 1958ல அமெரிக்காவுல டயனபால்னு தசைய வளக்குத ஒரு ஸ்டீராய்டு மாத்திரை வந்துது, அத லிஃப்டர்ஸுக்கு குடுத்துப் பாத்தது ஜான் சீக்லர்னு அவங்க டாக்டர் தான். ஸ்டீராய்டுக்கு ஒலிம்பிக்ஸ்ல டெஸ்ட் வந்தது 1976ல. நடுவுல உள்ள காலத்துல கேக்க ஆளில்ல. அதனால அந்தக் காலத்து உடம்பு சாப்பாட்டு உடம்பு, இப்ப உள்ளது மருந்து உடம்புன்னு நம்ம பய சொன்னான் பாத்தியா, அத அப்படியே திருப்பிப் போடணும் மக்கா. இப்ப உள்ளவன் தான் நடுராத்திரி வீட்டுக்கதவ தட்டினாலும் ஒண்ணுக்கு புடிச்சு குடுக்கணும்.

நயிம் துருக்கிக்கு போறதுக்கு முன்னால வளந்த பட்டறையும் இதுல இருந்து தப்பல. பல்கேரியாவுல இவான் அபாஜியேவ்னு ஒரு கோச், தினமும் பல வேளை, ஒவ்வொரு வேளையும் அன்னைக்கு முடியுத உச்ச எடை வரைக்கும் போகணும், லீவு கிடையாது, உடஞ்சவன் உடஞ்சான் மீந்தவன் சாம்பியன். நம்ம ஊரு ரப்பர் வெட்டுக்காரன் கூட மழைக்கு நிறுத்துவான், இவங்க நிறுத்த மாட்டாவ. அந்த பட்டறையில உருவான ரெண்டு பேருக்கு சியோல்ல தங்கம் கெடச்சு, டெஸ்ட்ல ஃபுரோசிமைட் மாட்டி தங்கம் பறிபோய் மொத்த பல்கேரிய டீமும் பாதியில வீட்டுக்கு போச்சு. ஃபுரோசிமைட்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம வீட்டு பெரியவங்க கால் வீக்கத்துக்கு நீரு போக போடுத லேசிக்ஸ் தான். எடைய கொறைக்கவும் ஒதவும், வேற மருந்த ஒண்ணுக்குல நீர்க்க வச்சு மறைக்கவும் ஒதவும்.

இப்ப உள்ளவங்க புனிதம்னும் நான் சொல்ல வரல. 2012 லண்டன், 94 கிலோ கேட்டகரி, ஒரு தடவ கேட்டா மறக்க மாட்டே. பத்து வருசம் வரைக்கும் சாம்பிள எடுத்து வச்சு புது முறையில திரும்ப சோதிப்பாவ. அப்படி சோதிச்சதுல தங்கம் எடுத்த கஜகஸ்தான் இல்யா இல்யின் போனாரு, வெள்ளி போச்சு, வெண்கலம் போச்சு, நாலாவது ஆளும் போனாரு. அஞ்சாவதா வந்த ஈரான் சயீத் முகமதுபூருக்கு தங்கம். வெண்கலம் யாருக்கு போச்சு தெரியுமா, ஒம்பதாவதா வந்த போலந்து தோமாஸ் ஜெலின்ஸ்கிக்கு. அந்த ஜெலின்ஸ்கிய 2016 ரியோவுல மருந்துல புடிச்சு திருப்பி அனுப்பிட்டாவ! லாஷாவும் 2013ல ஸ்டானோசோலால்ங்குத ஸ்டீராய்டுல மாட்டி ரெண்டு வருசம் தடையில இருந்தவரு தான், பொறவு வந்து தான் 2016, டோக்கியோ, பாரிஸ் மூணு தங்கம். ஒலிம்பிக்ஸ்ல மூணு தங்கம் எடுத்த ஹலில் முத்லுவும் 2005ல மாட்டினாரு. ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. இந்த சோதனை எல்லாம் இறுகின பொறவு சின்ன, நடு கேட்டகரி எல்லாத்துலயும் நம்பர் கீழ எறங்கிச்சு, மேல நான் சொன்ன 342.5க்கும் 310க்கும் உள்ள பள்ளத்துல பெரும்பங்கு இதாக்கும்னு என் அபிப்ராயம். சூப்பர் ஹெவில மட்டும் உடம்புக்கு மேல்வரம்பு கிடையாது, எத்தன கிலோவும் ஏத்தலாம், அதனால அங்க அந்தப் பள்ளத்த உடம்ப வச்சே நெரப்பிட்டாவ. அப்படியும் சோவியத் தாரனென்கோ 1988ல கான்பெராவுல போட்ட 266 ஜெர்க்க மிஞ்ச 33 வருசம் ஆச்சு, அதுவும் ஒரே ஒரு கிலோ.

கேட்டகரி மாறுததும் ஒரு தலைவேதனை. 1993ல மாத்தினாவ, 98ல மாத்தினாவ, 2018ல மாத்தினாவ, 2025ல திரும்பவும். ஒவ்வொரு தடவையும் பழைய ரெக்கார்ட மூட்டை கட்டி வச்சிட்டு புதுசா எண்ண தொடங்குவாவ. நான் 67.5ல நிக்குத ஆளு, 93ல அது 64, 70ன்னு ஆனப்ப எனக்கு வந்த வெப்ராளம், எறங்கவும் முடியாது ஏறவும் முடியாது. பாக்குதவனுக்கு உலக சாதனை, உலக சாதனைன்னு டிவில கத்துவான், ஆனா எந்த வருசத்துல எண்ண தொடங்கின சாதனைன்னு சொல்ல மாட்டான். சியோல்ல ஆம்பளைங்களுக்கு பத்து கேட்டகரி, பாரிஸ்ல அஞ்சே அஞ்சு. இடையில மாட்டுத உடம்பு உள்ளவன் எல்லாம் பட்டினி கெடந்து எறங்கணும் இல்லேன்னா தின்னு ஏறணும்.

செரி, அப்ப எப்படித்தான் ஒப்பிட? உடம்பு எடையில எத்தன மடங்குன்னு பாக்கது பாமரக் கணக்கு. நயிம் 190ங்கது அவரு உடம்புக்கு மூணு மடங்குக்கு மேல, லாஷாவோட 267 சுமாரா ஒண்ணரை மடங்கு தான். அப்ப லாஷா மோசமா? எறும்பு தன்னவிட பல மடங்கு தூக்கும், ஆனை தூக்காது. உடம்பு பெருசாகும்போ எடை கூடுத வேகத்துல தசையோட பலம் கூடாது. இதுக்குத்தான் சின்க்ளேர்னு ஒரு கணக்கு உண்டு, ராய் சின்க்ளேர்னு கனடா நாட்டு கணக்கு வாத்தியார் போட்டது, உன் டோட்டல ஒரு எண்ணால பெருக்கி, நீ சூப்பர் ஹெவியா இருந்தா எவ்வளவு தூக்கியிருப்பேன்னு காட்டும். அதுல எப்பவும் நயிமோட 1988 தான் உச்சம். ஆனா அந்த எண்ண நாலு வருசத்துக்கு ஒருக்க அப்ப உள்ள சாதனைகள வச்சு மாத்துவாவ, அதனால காலம் தாண்டி ஒப்பிட அதையும் முழுசா நம்ப மாட்டேன்.

நான் பாக்குத விதம் வேற. ஒரே நாளு, ஒரே மேடை, ஒரே பார், ஒரே மருந்து சட்டம், அதுல ரெண்டாவது வந்தவன எவ்வளவு தூரத்துல விட்டான்? இதுல காலம் ஏமாத்த முடியாது. அலெக்ஸேயெவ் 1976ல 440, ரெண்டாவது வந்த கிழக்கு ஜெர்மனி கெர்ட் போங்க் 405. 35 கிலோ, எட்டரை சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. நயிம் 342.5, ரெண்டாவது ஸ்டெஃபான் டோபுரோவ் 312.5. 30 கிலோ தான், ஆனா 9.6 சதவீதம். லாஷா டோக்கியோவுல 488, ரெண்டாவது ஈரான் அலி தாவூதி 441. 47 கிலோ, பத்தரை சதவீதத்தயும் தாண்டுது. அப்ப லாஷா தான் முன்னாலன்னு அந்தப் பய குதிப்பான். பொறுடே. டோபுரோவ் சாதாரண ஆளில்ல, தன் உடம்புக்கு மூணு மடங்கு எடைய தலைக்கு மேல தூக்கின மொத மனுசன், 1983ல, 60 கிலோ உடம்புல 180. அப்படிப்பட்டவன அவன் உச்சத்துல 30 கிலோ பின்னால விட்டது வேற ரகம். இன்னொண்ணு, நயிமோட அந்த 342.5 அடுத்த கேட்டகரி 67.5லயும் தங்கம் வாங்கியிருக்கும், அங்க கடைசில தங்கம் போனது 340க்கு. வர்தன்யான் இன்னும் ஒருபடி மேல, அவரோட 400, மாஸ்கோவுல 90 கிலோ தங்கத்தையும் 100 கிலோ தங்கத்தையும் தாண்டி நிக்குது, 100 கிலோல ஜெயிச்சவன் 395. அலெக்ஸேயெவ் அதே மாஸ்கோவுல வயசான காலத்துல வந்து ஸ்நாட்ச்ல 180 மூணு தடவையும் விழுந்து ஒண்ணுமில்லாம எறங்கிப் போனாரு, அத நெனச்சா இப்பவும் சங்கடமா இருக்கு.

அதனால என் வரிசை நயிம், வர்தன்யான், லாஷா, பொறவு அலெக்ஸேயெவ். அந்த 80 சாதனைக்கு ஏன் கூடுதல் மார்க் இல்லன்னு கேக்காதே, அப்ப அரை கிலோ கூட்டினாலே புது சாதனை, ஒவ்வொண்ணுக்கும் சோவியத்ல பணமும் உண்டு, ஒரே தடவையில அஞ்சு கிலோ கூட்ட அவருக்கு என்ன பைத்தியமா.

இவ்வளவும் ஆம்பளைங்க கணக்கு. பொம்பளைங்களுக்கு பழைய காலம்னு ஒண்ணே கிடையாது, ஒலிம்பிக்ஸ்ல அவங்கள சேத்ததே 2000 சிட்னில தான். அங்க சிட்னியோட நம்பரவிட இப்ப உள்ளது பெரும்பாலும் கூடுதல் தான். சிட்னில 48 கிலோ தங்கம் அமெரிக்காவோட டாரா நாட்டுக்கு 185 கிலோவுக்கு. டோக்கியோவுல 49 கிலோல நம்ம மீராபாய் சானு 202 தூக்கியும் வெள்ளி தான், சீனாக்காரி ஹோ ஜிஹுய் 210. மணிப்பூர்ல சின்ன வயசுல விறகுக்கட்டு சொமந்த பொண்ணு அது. நம்ம கடப்புற ஊருல தலையில கடவப்பெட்டி நெறய மீனு வச்சிட்டு விடியக்காலம் பஸ் ஏற ஓடுத அக்காமார பாக்கும்போ எனக்கு இது தான் ஞாபகம் வரும், இவங்கள்ல ஒருத்திய பன்னெண்டு வயசுல யாராவது ஒரு நல்ல பார் முன்னால நிறுத்தியிருந்தா.

கர்ணம் மல்லேஸ்வரியையும் விட முடியாது. சிட்னி, 69 கிலோ, 110ம் 130ம், டோட்டல் 240, வெண்கலம், ஒலிம்பிக்ஸ்ல மெடல் வாங்கின மொத இந்தியப் பொம்பள. தங்கம் போனது 242.5க்கு. கடைசி அட்டெம்ப்ட்ல 137.5 கேட்டு தங்கத்துக்கே பாஞ்சாங்க, அது விழுந்துட்டு. அப்ப ரெண்டரை கிலோ ரெண்டரை கிலோவா தான் ஏத்தணும், 2005க்கு பொறவு தான் ஒத்த கிலோ ரூல். அந்த ஒத்த கிலோ பாரிஸ்ல மீராபாய கடிச்சுது, 199ல நாலாவது, வெண்கலம் 200க்கு. நம்ம தமிழ்நாட்டு பக்கம் 1978 எட்மன்டன் காமன்வெல்த்ல ஏகாம்பரம் கருணாகரன் தங்கம், பொறவு வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014லயும் 2018லயும் தங்கம். சதீஷ் கிளாஸ்கோவுல 77 கிலோல 149ம் 179ம் போட்டாரு, நம்ம நாட்டுக்கு அது கொள்ளாம், பெரிய நம்பர் தான். இப்ப மேல போயி நயிமோட நம்பர இன்னொரு தடவ வாசிச்சு பாரு, 60 கிலோ உடம்புல 152.5ம் 190ம்.

எங்க தாத்தா காலத்துல இளவட்டக்கல்லு தான் பார். பொங்கலுக்கு கோயில் முத்தத்துல கெடக்கும், உருண்டையா வழுவழுன்னு, புடிக்க ஒரு எடம் கெடையாது, மொதல்ல முட்டுல ஏத்தி, பொறவு நெஞ்சுல உருட்டி, தோளுல வச்சு பொறத்தால போடணும். தாத்தா தூக்கினாருன்னு சொல்லுவாவ, எத்தன கிலோன்னு கேட்டா சொல்ல ஆளில்ல, அந்தக் கல்லு இப்ப பாதி மண்ணுக்குள்ள கெடக்கு. ஆனா ஊருல வேற யாரெல்லாம் அத அசைக்க முடியாம போனாவன்னு பேர் பேரா சொல்லுவாவ. நான் மேல சொன்ன கணக்கும் அதே கணக்கு தான்.

ரெண்டு பயலுவளுக்கும் ஒரு வேல. ராத்திரி லாஷாவோட டோக்கியோ 265 ஜெர்க்கையும் நயிமோட சியோல் 190யும் அடுத்தடுத்து போட்டு பாருங்க. பார பாக்காதிய, ஜெர்க்குக்கு காலு பிரிஞ்சு கீழ சவுட்டுத அந்த நொடில பாதத்த மட்டும் பாருங்க. பாத்துட்டு நாளைக்கு வாங்க, பேசுவோம்.